0.4 மி.மீ. பிளை போர்த்திய ஒரு மீட்டர் விமானம்: டர்பனிலும் ஜோபர்க்கிலும் கண்டவை

டர்பன் தும்பி:

ரேடியோ கன்ட்ரோல் விமானத்துக்குப் பிளைத் தோல் (பிளை என்றால் மெல்லிய ஒட்டுப்பலகை) போர்த்தலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். போர்த்தலாம், ஆனால் முதலில் தராசை எடுங்கள். பர்ச் பிளை 0.4 மி.மீ. தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 280 கிராம், 0.8 தாள் 560. நடுத்தர எடையுள்ள 2 மி.மீ. பால்சா என்ற மென்மரப் பலகையும் 300 கிராம் பக்கம் வந்துவிடும். ஆக 0.4 பிளை கனம் என்பது பொய். 0.8 கனம் என்பது நிஜம்.

பேச்சுக்கு ஒரு அளவு வைத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 1000, அகலம் 180 மி.மீ., நேர் இறக்கை, குறுக்குவெட்டு கிளார்க் ஒய் என்ற வடிவம். அதன் தடிப்பு அகலத்தில் 11.7 சதவீதம், அதாவது 21 மி.மீ. அடிப்பக்கம் 30 சதவீதத்துக்குப் பின்னால் தட்டையாக இருப்பதால் பலகைமேல் வைத்துக் கட்டச் சுலபம். பரப்பு 18 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 900 கிராமுக்குள் நின்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 50 கிராம். அதற்குமேல் போனால் சின்ன மைதானத்தில் இறக்கும்போது வியர்க்கும்.

வால் இறக்கை 360 × 100, இறக்கை அகலத்தில் முன்னிருந்து கால் பங்கு வரும் இடத்திலிருந்து வாலில் அதே இடம்வரை 500 மி.மீ. செங்குத்து வால் 1.5 சதுர டெசிமீட்டர். மோட்டார் 50 கிராம், இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 25, 1300 எம்ஏஎச் மூன்று செல் லைப்போ பேட்டரி 115, ஒன்பது கிராம் சர்வோ (அசையும் பாகங்களை இயக்கும் குட்டி மோட்டார்) நான்கு, ரிசீவர் 10, புரொப்பும் (முன்விசிறி) வயரும் 40. கூட்டினால் 275 பக்கம். மரம், பசை, சக்கரம், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 625 கிராம்.

பீனிக்ஸ் பட்டம்:

அண்ணே, இறக்கை முழுக்க 0.8 போட்டால் என்ன? கீழே விழுந்தாலும் உடையாதே.

டர்பன் தும்பி:

தம்பி, மேலும் கீழும் முழுத்தோல் என்றால் 0.37 சதுர மீட்டர். 0.8-இல் 207 கிராம், தோல் மட்டும். 0.4-இல் 104. லீடிங் எட்ஜிலிருந்து (முன்விளிம்பு) ஸ்பார்வரை (இறக்கை நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு) மட்டும், அதாவது முன் 30 சதவீதத்துக்கு 0.4 போட்டால் 32 கிராமில் முடிந்துவிடும். முறுக்கத்தைத் தாங்குவது அந்த முன்பெட்டிதான், அதைத்தான் டி-பாக்ஸ் என்கிறோம். பின்பக்கத்துக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் போதும். விழுந்தால் உடையாது என்பதும் பாதி உண்மை. கனமான விமானம் வேகமாக வந்து விழும், தோல் பிழைக்கும், ஸ்பார் இணைப்பு போய்விடும்.

லெனேசியா இழைப்புளி:

தோலுக்கு முன்னால் ஸ்பாரைச் சொல்ல வேண்டும். மேலே ஒன்று கீழே ஒன்று 6 × 3 ஸ்புரூஸ் குச்சி, நடுவில் இரண்டையும் இணைக்கும் சுவராக 1.5 மி.மீ. பால்சா வெப், அதன் ரேகை (மர நார் ஓடும் திசை) செங்குத்தாக நிற்க வேண்டும். வெப் இல்லாவிட்டால் முன்பெட்டிக்குப் பின்சுவர் இல்லை. பெட்டி மூடாது, முறுக்கத்தையும் தாங்காது. நிறையப் பேர் இதை விட்டுவிட்டு "பிளை போட்டும் இறக்கை ஆடுதே" என்கிறார்கள்.

அடுத்து ரேகைத் திசை. டி-பாக்ஸ் தோலின் மேலடுக்கு ரேகை இறக்கை நீளத்துக்கு 45 டிகிரியில் ஓட வேண்டும். பழைய மர கிளைடர்களில் அப்படித்தான் ஒட்டியிருப்பார்கள். முறுக்கும்போது தோலில் இழுவை ஓடுவது அந்தச் சாய்வில்தான். ஃபியூசலாஜ் (விமான உடல்) பக்கப் பலகைக்கு இது தேவையில்லை, ரேகை மூக்கிலிருந்து வாலுக்கு ஓடட்டும்.

45 டிகிரியில் ஒரு தொல்லை உண்டு. 300 மி.மீ. அகலத் தாளில் 55 மி.மீ. பட்டையைச் சாய்த்து வெட்டினால் நீளம் 370 மி.மீ.தான் கிடைக்கும். நமக்கு அரை இறக்கைக்கு 500 வேண்டும். எனவே சரிவு ஒட்டு போட்டே ஆக வேண்டும். சரிவின் அகலம் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு, 0.4-க்கு 5 மி.மீ. இரண்டு தாளையும் மேசை விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக, 5 மி.மீ. படி விட்டு வைத்து, 240 உப்புத்தாள் சுற்றிய கட்டையால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்கவும். தேய்க்கத் தேய்க்க பிளையின் மூன்று அடுக்கும் மூன்று கோடாகத் தெரியவரும். கோடுகள் விளிம்புக்கு இணையாக ஓடினால் சரிவு சரி. கோடு எங்கே நெளிகிறதோ அங்கே கட்டை பள்ளம் பறித்திருக்கிறது. பிறகு ஒரு தாளைக் கவிழ்த்துப் போட்டு எபாக்ஸியில் ஒட்டி, மேலும் கீழும் பாலித்தீன் வைத்து, எடை ஏற்றி ஒரு இரவு விடவும். அந்த ஒட்டு ஒரு ரிப்பின்மேல் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகை) விழும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

வளைப்பதைப் பற்றி ஒன்று. பிளை ஒரு திசையில்தான் வளையும். உருளையாக வளையும், கூம்பாக வளையும், கிண்ணமாக வளையாது. மூக்கு, காக்பிட் முதுகு மாதிரி இரண்டு பக்கமும் உருண்ட இடங்களைப் பால்சா கட்டையில் செதுக்குங்கள். லீடிங் எட்ஜையும் ஒரே தாளால் சுற்றி வளைக்கப் பார்க்காதீர்கள், அந்த மூக்கின் ஆரம் சில மில்லிமீட்டர்தான், பிளை நொறுங்கும். 6 மி.மீ. பால்சா குச்சியை லீடிங் எட்ஜாக வைத்து, மேல்தோல் கீழ்த்தோல் இரண்டும் அதில் வந்து முட்டட்டும். பிறகு குச்சியை இழைத்து உருட்டிக்கொள்ளலாம்.

வளைவு கடினமாக இருந்தால் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தேவையானதைவிடக் கொஞ்சம் சின்னக் குழாயில் துணிப்பட்டை சுற்றிக் கட்டிக் காயவிடுங்கள். அவிழ்த்ததும் கொஞ்சம் விரியும், அதற்காகத்தான் சின்னக் குழாய். தண்ணீர் தாங்கும் பசையில் செய்த பிளையாக இருக்க வேண்டும். ஒரு கடையில் விமானப் பிளை என்று விற்ற தாளின் துண்டு சுடுதண்ணீரில் போட்ட பத்து நிமிடத்தில் மூன்றாகப் பிரிந்து மிதந்தது. தாள் வாங்கினதும் ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஈகோலி பருந்து:

தென்னாப்பிரிக்காவில் பிளைத் தோலைக் கெடுப்பது கடலும் மேட்டுநிலமும்தான். தைப்பூசக் காவடி எடுக்கிற மாதத்தில் கடலோர டர்பன் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஜூலையில் மேட்டுநில ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) காற்று உதட்டை வெடிக்க வைக்கும். இங்கே குளிர்காலத்தில் காய்ந்த தாளை ஒட்டி, அதை பக்கியில் (திட்டவில்லை, இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயரே அதுதான்) போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே தோல் உப்பி நிற்கும்.

பிளை அவ்வளவாக நீளாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ரிப் இடைவெளி 50 மி.மீ., அதில் தோல் 0.05 மி.மீ. மட்டும் நீண்டது என்று வையுங்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு முனையும் ஒட்டியிருப்பதால் அது வில்லாக வளைந்துதான் தீர வேண்டும், நடுவில் எழும்பும் உயரம் கிட்டத்தட்ட 1 மி.மீ.! 21 மி.மீ. தடிப்புள்ள இறக்கையில் 1 மி.மீ. மேடு கண்ணுக்கே தெரியும். இடையில் ஒரு அரை ரிப் வைத்து இடைவெளியை 25 ஆக்கினால் மேடும் பாதியாகும். அதனால் டி-பாக்ஸுக்குள் மட்டும் 25 மி.மீ.க்கு ஒரு அரை ரிப். 1.5 மி.மீ. பால்சாவில் ஒன்று ஒரு கிராம்கூட வராது.

எதிர்த்திசையில், டர்பனில் ஈரத் தாளை ஒட்டி இங்கே கொண்டுவந்தால் தோல் சுருங்கி ரிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழும், எலும்பு தெரியும் மாடு மாதிரி. பறக்கும், பார்க்கத்தான் சகிக்காது. எந்த ஊரில் பறக்கப்போகிறதோ அந்த ஊர்க் காற்றில் தாளை ஒரு வாரம் தட்டையாக விட்டு வைத்து ஒட்டுவது உத்தமம். உள்பக்கத்துக்கும் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு, மூடுவதற்கு முன்னாலேயே. பசை படும் கோடுகளில் மட்டும் டேப் ஒட்டி விட்டுவிடுங்கள், வார்னிஷ் மேல் பசை பிடிக்காது.

இன்னொன்று, காற்றுத் துளை. டர்பனிலிருந்து இங்கே ஏறினால் ஏறத்தாழ 1,700 மீட்டர், வெளிக்காற்றின் அழுத்தம் 18 சதவீதம் போல இறங்கும். காற்றுப் புகாமல் மூடிய டி-பாக்ஸ் அந்த அளவுக்கு உள்ளிருந்து தள்ளும். ஒவ்வொரு ரிப்பிலும் 2 மி.மீ. துளை, வேர்ப்பக்கம் (இறக்கை உடலோடு சேரும் முனை) வெளியே ஒரு துளை. வெயிலில் சூடாகும்போதும் இதே துளைதான் காப்பாற்றும்.

பிளைத் தோல் வேலையை நேரில் பார்க்க ஆசை இருந்தால் ஜோபர்க் சாக்சன்வோல்டில் இருக்கிற ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் டி ஹாவிலாண்ட் மஸ்கிட்டோவைப் பாருங்கள். அதன் உடல் பர்ச் பிளைக்கு நடுவே பால்சா வைத்த அடுக்கு. இடம் வலம் என இரண்டு பாதியாக அச்சில் செய்து, உள்சாமான்களைப் பொருத்தி, பிறகுதான் சேர்த்து ஒட்டினார்கள். நமக்கும் அதே வரிசைதான். சர்வோ வயருக்கான காகிதக் குழாய், இறக்கை போல்ட்டுக்கான கட்டை எல்லாம் தோல் மூடுவதற்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும்.

டொங்காட் குருவி:

பசை. வெள்ளை பிவிஏ பசையைத் தாராளமாகத் தடவி 0.4 பிளையை வைத்தீர்களானால் இரண்டே நிமிடத்தில் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருளும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிப்பதுதான் காரணம். இரண்டு வழி உண்டு. ஒன்று, முப்பது நிமிட எபாக்ஸி. மெல்லியதாக ரிப்பில் மட்டும் தடவி, டேப்பும் மணல் பையும் வைத்து அழுத்தலாம். மற்றது இஸ்திரி முறை. ரிப்பிலும் தோலிலும் பிவிஏ பூசி, இரண்டும் நிறமில்லாமல் காய்ந்த பிறகு தோலை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ரிப்பு ரிப்பாக அழுத்தினால் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். தப்பான இடத்தில் பிடித்தால் நகர்த்த முடியாது, அதனால் தோலிலும் ரிப்பிலும் பென்சில் குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். சயனோ பசையை (சூப்பர் குளூ) தோலுக்குத் தவிர்க்கலாம், ஒட்டு கண்ணாடி மாதிரி விறைப்பாகி அதிர்ச்சியில் விட்டுவிடும்.

வரிசை: கீழ்த்தோலை ஒட்டி, இறக்கையைப் பலகையில் குத்தி நிறுத்துங்கள். நுனியில் ட்ரெய்லிங் எட்ஜுக்கு (பின்விளிம்பு) அடியில் 6.3 மி.மீ. ஆப்பு, வேரில் ஒன்றுமில்லை, நடுவில் படிப்படியாக. 180 மி.மீ. அகலத்துக்கு அது 2 டிகிரி. நுனி கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்த்தால் வேகம் குறையும்போது வேர் முதலில் தூக்குவிசையை இழக்கும், இறக்கை ஒரு பக்கமாகக் கவிழாது. ஆப்பு வைத்த நிலையில்தான் மேல்தோலை ஒட்ட வேண்டும். டி-பாக்ஸ் மூடிய கணத்தில் அந்த முறுக்கு பூட்டப்படுகிறது. பிறகு ஆவி பிடித்தாலும் மாறாது. இடது வலது ஆப்பு அரை மில்லிமீட்டர் வித்தியாசமானாலும் விமானம் எப்போதும் ஒரு பக்கமே சாயும், ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) டிரிம்மில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஜோபர்க்கில் குளிர்காலக் காலையில் எபாக்ஸி போடுகிறவர்கள், அட்டைப்பெட்டி கவிழ்த்து உள்ளே ஒரு பழைய குண்டு பல்பு எரிய விடுங்கள். குளிரில் அது இறுகாமல் பிசின் மாதிரியே கிடக்கும்.

பீனிக்ஸ் பட்டம்:

ஐயா, மோட்டார் 2212 அளவு, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று). புரொப் எது?

ஈகோலி பருந்து:

எந்த ஊரில் என்று சொல்லுங்கள் தம்பி! கோடையில் 30 டிகிரி சூட்டில் ஜோபர்க் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.95 கிலோ, டர்பனில் 28 டிகிரியில் 1.17. அதாவது இங்கே 81 சதவீதம்தான். அதே சுழற்சியில் புரொப் தள்ளுவதும் அந்த அளவுக்குக் குறையும். 900 கிராம் விமானம் தூக்குவிசையை இழக்கும் வேகம் டர்பனில் மணிக்கு 31 கி.மீ. என்றால் இங்கே 34. முழுக்க 0.8 போர்த்திய 1,075 கிராம் விமானத்தை டர்பனில் இறக்குவதும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே வேகம்.

டர்பனுக்கு 9 × 5 (அங்குலத்தில், முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச்) போதும், இங்கே 10 × 5. இங்கே 10 அங்குலத்தில் 15 ஆம்பியர் காட்டுகிறதே என்று 20 ஆம்பியர் இஎஸ்சி போட்டு அதே புரொப்போடு கடலுக்கு இறங்காதீர்கள். அடர்ந்த காற்றில் 18 ஆம்பியர் பக்கம் இழுக்கும், மூடிய பிளை உடலுக்குள் காற்றோட்டமும் இல்லாவிட்டால் இஎஸ்சி பாதியில் கை விரிக்கும். 30 ஆம்பியர் போடுங்கள். நிறைச் சார்ஜில் பத்து விநாடி வாட்மீட்டர் சோதனை, கிலோவுக்கு 200 வாட் கிடைத்தால் தாராளம். ஃபயர்வால் (மோட்டார் பொருத்தும் பலகை) 4 மி.மீ. பர்ச் பிளை, மோட்டார் 2 டிகிரி கீழே, 2 டிகிரி வலது பக்கம் பார்க்கட்டும்.

லெனேசியா இழைப்புளி:

ஈர்ப்பு மையம் லீடிங் எட்ஜிலிருந்து 49 மி.மீ. பிளை விமானங்களில் இது எப்போதும் பின்னால் ஓடும், காரணம் வாலையும் பிளையில் செய்வது. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராமுக்குமேல் ஈயம் வேண்டும், மையத்திலிருந்து வால் 500 மி.மீ. தூரம், மூக்கு 150 என்பதால். வாலுக்கு 4 மி.மீ. இலகுப் பால்சா, ஓரத்துக்கு மட்டும் பிளைப் பட்டை. பேட்டரித் தட்டை 40 மி.மீ. முன்பின் நகரும்படி விட்டால் ஈயமே தேவைப்படாது.

டொங்காட் குருவி:

தோலில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டையை முட்டை வடிவத்தில் சுத்தமாக வெட்டி, சுற்றிலும் 5 மி.மீ. சரிவாகத் தேய்க்கவும். 0.8 பிளையில் அதைவிடப் பெரிய வளையம் ஒன்று வெட்டி, அதில் நூல் கட்டி, சாய்த்து உள்ளே நுழைத்து, எபாக்ஸி தடவிய முகம் தோலில் படும்படி நூலால் வெளியே இழுத்துப் பிடிக்கவும். நூலைக் குறுக்கே வைத்த குச்சியில் கட்டிவிட்டு இறுகவிட வேண்டும். பிறகு ஓரம் சரிவாகத் தேய்த்த 0.4 ஒட்டுத் துண்டு, ரேகை அதே 45 டிகிரியில். நூலை அறுத்த பிறகுதான் அந்தத் துண்டை வைக்க முடியும், அவசரத்தில் நூலோடு மூடிவிடாதீர்கள்.