ரொறன்ரோ வீட்டுக்குப் பியானோ வாங்கப் போகிறவர்களுக்கு

மகளைப் பியானோ வகுப்பில் சேர்த்துவிட்டதாகவும், வீட்டுக்கு எந்தப் பியானோ வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள், தங்கச்சி. எந்த நிறுவனத்தின் பியானோ என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, பியானோவை வைக்க நினைத்திருக்கும் சுவரருகே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் மாரிகாலத்து வீட்டு வறட்சியைப் போலப் பியானோவுக்குத் தீங்கு செய்வது வேறெதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பியானோ வைத்திருந்தவர்களுக்கு ஈரக்காற்றுத்தான் தொல்லை. தந்திகள் துருப்பிடிக்கும்; மரம் ஊதி, அழுத்திய கட்டை மேலே எழும்பாமல் சிக்கிக்கொள்ளும். இங்கே நிலைமை நேர்மாறானது. வெளியே உறைகுளிரில் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகை வரை சூடாகும்போது ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பியானோவுக்கு 40 சதவீதத்தை ஒட்டிய அளவே நல்லது. தந்திகளின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் அதன் ஒலிப்பலகை ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரத்தால் ஆனது. நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். மரம் காய்ந்து சுருங்கினால் அந்தப் புடைப்புத் தாழ்ந்து, தந்திகளின் இழுவிசை தளர்ந்து, சுருதி இறங்கிவிடும். கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, சுருதி மறுபடியும் ஏறும்.

இதை நான் தெரிந்துகொண்டது பணத்தை இழந்த பிறகுதான். ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில், ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கிய பழைய பியானோவை, ஃபர்னஸின் சூடான காற்று வெளிவரும் தரைத்துளைக்கு மேலேயே, இடம் பொருத்தமாக இருக்கிறதென்று நிறுத்திவிட்டோம். மாசி மாதத்தில் சுருதி சேர்க்க வந்தவர் அடிப்பலகையைக் கழற்றி, ரோர்ச் வெளிச்சத்தில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒலிப்பலகையில் மயிரிழை போல நீண்ட வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. வெடிப்பை விடப் பெரிய கவலை, தந்திகளைச் சுற்றி இறுக்கியிருக்கும் ஆணிகளைப் பற்றியது என்றார் அவர். நடு ஸ்தாயியில் ஓர் ஆணியில் சுருதி சேர்க்கும் சாவியை மாட்டி எனக்குத் திருப்பிக் காட்டினார்; அது இறுக்கமே இல்லாமல், ஈர மணலில் நட்ட குச்சி போலத் திரும்பிற்று. ஒரு பியானோவின் ஏறத்தாழ 230 தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை 18 தொன் அளவுக்கு வரும். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்கினாலும், ஒவ்வொரு தந்தியையும் சுருதியில் நிறுத்துவது தடித்த மரப்பலகைக்குள் இறுகி நிற்கும் அந்த ஆணிதான். மரம் காய்ந்து துளை தளர்ந்தால், காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்காது.

ஆகவே பழைய பியானோ வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் பியானோ தொழில்நுட்பவியலாளர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று காட்டுங்கள். விற்பவர் சொல்லும் எதையும் விட அவர் ஆணிகளைப் பரிசோதித்துச் சொல்வதுதான் பெறுமதியானது. நீங்களும் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்திக் கேளுங்கள். சுத்தியல்களின் கம்பளி முனையில் தந்தி பதிந்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா, அடித்தந்திகளின் செப்புச் சுற்று கறுத்து ஒலி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் உள்ள சுருதி செயலி, 440 ஹேர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சுரம் அரைச்சுரம் தாழ்ந்திருப்பதாகக் காட்டினால், அந்தப் பியானோ நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கிறது. அதை மேலே ஏற்றும்போது பழைய தந்திகள் அறுந்துபோகவும் கூடும்.

நிறுவனம் என்று கேட்டால், 121 சென்ரிமீற்றர் உயரமுள்ள யமஹா யு1, 122 சென்ரிமீற்றர் உயரமுள்ள கவாய் கே-300 ஆகிய இரண்டையும் தயங்காமல் சொல்வேன். இந்த ஊரின் பழைய வீடுகளில், 1866 இல் ரொறன்ரோவிலேயே தொடங்கப்பட்ட ஹைன்ட்ஸ்மன் பியானோக்களைக் காணலாம். அவற்றில் சிலவற்றின் நாதம் இன்றும் மனதை நிறைக்கும். ஆனாலும் ஆணி சோதிக்காமல் வாங்காதீர்கள். ஸ்பினெற் எனப்படும், ஒரு மீற்றர் அளவே உயரமுள்ள குள்ளப் பியானோக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் பொறிமுறை கட்டைகளுக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் சிறு திருத்தத்துக்கும் வேலை அதிகம். இலவசமாகத் தருகிறோம் என்ற விளம்பரங்களில் பெரும்பாலும் ஏற்றிச் செல்லும் செலவும், பின்னர் அப்புறப்படுத்தும் செலவும் உங்கள் தலையில்தான் விழும். அடுக்குமாடியில் இருப்பதானால், முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, கட்டைகளில் உண்மைப் பியானோவின் கனம் உணரப்படும் 88 கட்டை டிஜிற்றல் பியானோ போதும். கனமில்லாத 61 கட்டைக் கீபோர்டில் பழகிய பிள்ளைக்கு விரலில் பலம் வருவது கடினம்.

வீட்டுக்குக் கொண்டுவர உறவினர் நால்வரை அழைக்காதீர்கள். 200 கிலோவுக்கு மேற்பட்ட அதன் பாரத்தைப் படிகளில் இறக்க, பியானோ ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தேவை. தரைத்துளைக்கும், ஹீற்றருக்கும், வெயில் விழும் கண்ணாடிக் கதவுக்கும் விலகிய உட்சுவரில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் வீட்டுக் காற்றுக்குப் பழகிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறை: சூடாக்கி ஓடத் தொடங்கிச் சில வாரம் கழித்து ஒன்று, வசந்தத்தில் அதை நிறுத்திச் சில வாரம் கழித்து மற்றொன்று. புதிய பியானோவின் தந்திகள் முதல் ஆண்டில் நீண்டுகொண்டே போவதால், அதற்கு மூன்று நான்கு முறை தேவைப்படும்.

ஃபர்னஸில் ஈரமூட்டி இல்லையென்றால், பியானோவுக்குள்ளேயே பொருத்தி ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் டாம்ப்-சேஸர் கருவியைத் தொழில்நுட்பவியலாளரிடம் கேளுங்கள். தண்ணீர் குறையும்போது அதன் விளக்கு மின்னும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் வேலையை மகளிடமே ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் மூத்தவன் ஒரு கொப்பியில் ஞாயிறுதோறும் ஹைக்ரோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வைக்கிறான். சுருதி சேர்ப்பவர் வந்ததும் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான்.