'பன்முக ஆளுமை' வேண்டாம், 'கிளைத்திறன்' எப்படி?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பெருஞ்சாதனையாளர்கள் ஒரு துறையோடு நிற்காமல் பலவற்றிலும் புதிதாகப் படைப்பதற்கு, பாடநூலுக்கான உங்கள் உளவியல் கலைச்சொல் பட்டியலில் 'பன்முக ஆளுமை' என்று போட்டிருக்கிறீர்கள். மேடைக்கு நல்ல சொல்தான். பாளையங்கோட்டையில் எந்த நூல் வெளியீட்டுக்குப் போனாலும் முன்வரிசையில் இரண்டு பன்முக ஆளுமைகளாவது இருப்பார்கள். பாடநூலில்தான் இடிக்கும். உளவியலில் ஆளுமை என்பது ஒருவரின் குணவார்ப்பு. அதற்குப் பல முகம் என்றால், ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் மாறி மாறி வரும் மனநோயைப் பற்றியோ என்று மாணவர் மிரண்டுபோவார். 'பன்முகத்தன்மை'யும் உதவாது, அதைச் சமூகவியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பதிலாகச் 'சதாவதானம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நிகழ்த்திக் காட்டியது அது. ஆனால் அவதானம் என்றாலே கவனம். ஒரே நேரத்தில் நூறு திசையிலிருந்து கேள்வி வந்தாலும் ஒன்றும் நழுவாமல் பிடிப்பது வேறு திறமை. அப்புறம் 'சகலகலாவல்லவர்'. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் கலைமகளைச் சகலகலாவல்லி என்று பாடினார், பொருந்தியது. மனுஷனுக்கு வைத்தால் "இவரு பெரிய சகலகலாவல்லவம்லா" என்று டீக்கடையில் நக்கலாகிவிடுகிறது.

எந்தச் சொல்லையும் நான் வ.உ.சி.யிடம் உரசிப் பார்ப்பேன். வழக்கறிஞர். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். சிறைக்குப் போனார், செக்கிழுத்தார். அங்கேயே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார், 'மெய்யறம்' என்ற அறநூலை எழுதினார். வெளியே வந்து தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார், தன் கதையையே செய்யுளாக்கினார். எனக்கு இவை தனித்தனித் திறமைகளாகத் தெரியவில்லை. கப்பலில் தடுத்தால் ஏட்டில் முளைக்கிறது. வேர் ஒன்று, கிளை பல. அதனால்தான் 'கிளைத்திறன்' என்று கேட்கிறேன். 'பல்திறன்' என்றால் வேலைக்கு மனுப்போடும்போது தட்டச்சு, கார் ஓட்டுதல் என்று அடுக்குவோமே, அந்த வாடை வருகிறது.

எல்லா மேதைகளும் கிளைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நம் தேரிக்காட்டுப் பனையைப் பாருங்கள், ஒரே தண்டு, நேரே உச்சிக்கு. காருகுறிச்சி அருணாசலத்தைக் கேட்டவர் யாராவது "நாயனம் மட்டும்தானா?" என்பார்களா? அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் காக்ஸ் 1926-இல் வரலாற்று மேதைகள் 301 பேரை எடுத்து ஆராய்ந்தாரே, அந்த வரிசையிலும் இரண்டு வகையும் உண்டு. ஆகவே இந்தச் சொல் பாராட்டாக இருக்கக் கூடாது, அளக்கும் சொல்லாக இருக்க வேண்டும். 'கிளைத்திறன் குறைந்தவர்' என்றாலும் யாருக்கும் கோபம் வராது என்று நம்புகிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. உளவியலார் ஒருவரின் ஆளுமையைப் பிரித்துப் பார்க்கும் ஐந்து கூறுகளில் படைப்பாற்றலோடு அதிகம் இணைத்துப் பேசப்படுவதை 'அனுபவத்துக்குத் திறந்திருத்தல்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ராத்திரி வாசக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிய மாதிரி இருக்கிறது. 'புதுநாட்டம்' போதாதா? இரண்டையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "புதுநாட்டம் மிகுந்த அறிவியலாளர்களிடம் கிளைத்திறன் கூடுதலாக இருக்குமா?" நாக்கு இடறவில்லை. கிளைத்திறனாளர், கிளைத்திறனளவு என்று நீட்டவும் வருகிறது.

வங்கிக் கிளை என்று படித்துவிடுவார்கள் என்பீர்கள். சரி, தலைப்பாக மட்டும் தனியே நின்றால் அந்த ஆபத்து உண்டு. அந்த இடத்தில் 'படைப்புக் கிளைத்திறன்' என்று முழுசாகப் போடலாம். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே காலத்தில் பல துறை பார்ப்பவரும், ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறவரும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகிறார்கள். பின்னவருக்குத் தனிச்சொல் வேண்டுமா, அடைமொழி போதுமா? நீங்களே சொல்லுங்கள்.