காலில் வலி இருந்தும் ஓடுவது உழைப்பா, அடிமைத்தனமா?

அணைமேட்டுவாசி (கிருஷ்ணகிரி):
காவலர் தேர்வுக்குத் தயாராகும் எங்கள் தெருத் தம்பி ஒருவர், கணுக்காலுக்கு மேலே எலும்பை விரலால் தொட்டாலே துடித்துப்போகிற வலி இருந்தும், விடியற்காலையில் ஓடிவிட்டு மாலையில் ஜிம்முக்கும் போகிறார். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடினால் போதும் என்பது விதி. அந்த வேகத்தை அவர் எப்போதோ எட்டிவிட்டார். ஆனாலும் மழையால் ஒரு நாள் ஓட முடியாமல் போனால் வீட்டாரிடம் எரிந்து விழுகிறார், அன்று சோற்றையும் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார். இதை முயற்சி என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

மைதானத்தான் (தருமபுரி):
நண்பரே, நான் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருபவன். நாற்பதைத் தாண்டுமுன் சர்க்கரை மாத்திரை விழுங்கும் ஊரில், ஓடுகிற ஒரு சிலரையும் நோயாளி என்றால் மற்றவர்கள் அதையே சாக்காக வைத்துக்கொள்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் சூதாட்ட அடிமைத்தனத்துக்கு இடமுண்டு, உடற்பயிற்சி அடிமைத்தனத்துக்கு இல்லை. காவலர் வேலை ஒன்றுதான் வழி என்றிருக்கும் குடும்பத்துப் பையன் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அணைமேட்டுவாசி:
பட்டியலில் இல்லாததால் துன்பம் இல்லை என்று ஆகிவிடாது, ஐயா. பேக்லண்ட் என்ற ஆய்வாளர் 1970இல், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்னவாகும் என்று அறிய முயன்றபோது, தினமும் பயிற்சி செய்தவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் ஒரு மாதம் நிறுத்த ஒப்பவில்லை. எத்தனை மணி நேரம் ஓடுகிறார் என்பதைவிட, காய்ச்சலோ காயமோ வந்தால் நிறுத்த முடிகிறதா என்பதையே நான் கேட்கிறேன்.

செவிலியர் அக்கா (ஊத்தங்கரை):
ஓடும்போது எலும்பில் விழும் நுண்ணிய விரிசல்களை உடல் ஓய்விலும் உறக்கத்திலும்தான் சரிசெய்கிறது. அந்த அவகாசம் கிடைக்காமல் அவை பெருகினால் எலும்பு முறிவில் போய் முடியும். உழைப்புக்கு ஏற்ற உணவும் இல்லையென்றால் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்று எலும்பு வலுவிழக்கிறது. உழைப்புக்கு ஏற்ற உணவில்லாத இந்தக் குறைபாட்டுக்கு ஆண்களும் உள்ளாகிறார்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் எச்சரித்தது. அந்தக் காலத்தில் நாள் முழுக்க உழைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். காலையில் களி உருண்டை தின்று வயலுக்குப் போன அவர்களோடு, வெறும் வயிற்றில் இருவேளை ஓடும் பிள்ளையை ஒப்பிடாதீர்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிவாருங்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம்.

மைதானத்தான்:
அக்கா சொல்வதை மறுக்கவில்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பொதுமக்களுக்கு. தேர்வுக்குப் போகிறவனுக்கு அது போதாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் தொட்டால் வலிக்கும் எலும்போடு என் மைதானத்தில் யாரையும் ஓடவிட மாட்டேன்.

செவிலியர் அக்கா:
அப்படியானால் அந்தத் தம்பியை எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் சில வாரங்களில் இவ்வகை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவர் மறுநாளே ஓடக் கிளம்பினால், பயிற்சியாளராகிய நீங்கள்தான் தடுக்க வேண்டும்.