புதுப்பிப்பு: சிவிலைசேஷன் 4 கம்ப்யூட்டர் கேம்ல ஆக்ஸ்மேன் ரஷ் (கோடரி வீரர்களை வச்சு ஆரம்பத்துலயே அடிக்கிறது), ரிசல்ட் வந்தாச்சு

பக்கத்து நாட்டுக்காரன் தலைநகரம் ரொம்பக் கிட்ட இருக்கு, முதல்ல வெண்கல டெக் (தொழில்நுட்பம்) எடுத்து அடிக்கப் போறதா இல்ல பாட்டரி (மட்பாண்ட டெக்) எடுத்து நிதானமா வளர்றதான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, வெண்கலம்தான் எடுத்தேன், இப்ப அந்த ஊரு நம்ம கையில.

அந்த ஒரே டெக்ல எவ்ளோ இருக்கு பாருங்க, செம்பு எங்க இருக்குன்னு மேப்ல தெரியும், காட்டை வெட்டலாம், அடிமை முறைக்கு மாறினா மக்கள்தொகையைக் கொடுத்து யூனிட்டை உடனே முடிச்சிடலாம். நார்மல் ஸ்பீடுல ஆக்ஸ்மேனுக்கு 35 சுத்தியல் (உற்பத்திப் புள்ளி), மேத்தமேட்டிக்ஸ் டெக் இல்லாமலே நம்ம எல்லைக்குள்ள ஒரு காடு வெட்டினா 20 வந்துடும், அதனால படை சீக்கிரம் சேருது.

ஆக்ஸ்மேன் பலம் 5, ஊரைக் காக்கிற ஆர்ச்சர் (வில் வீரன்) 3 தான், ஆனா ஊருக்குள்ள அவனுக்கு 50% கூடுதல், மலை மேல ஊருன்னா இன்னும் கஷ்டம். அதான் மதில் எழும்புறதுக்குள்ள போயிடணும், பேரக்ஸ் (படைமுகாம்) இருந்தா ஆக்ஸ்மேனுக்கு சிட்டி ரெய்டர் (ஊரைத் தாக்குறதுல பலம் கூட்டுற ப்ரமோஷன்) கண்டிப்பா குடுங்க. அப்புறம் ஒரு ஸ்பியர்மேனாவது (ஈட்டி வீரன்) கூட போகட்டும், சேரியட் (தேர்ப்படை) வந்து அடிச்சா ஆக்ஸ்மேன் தாங்கவே மாட்டான்.

செம்பு பக்கத்துல இல்லன்னா இந்த வழியே வேணாம், அது இல்லாம இந்தக் கட்டத்துல ஆக்ஸ்மேன் செய்ய முடியாது.

தூரத்துல இருந்த அவனோட இன்னொரு ஊரை வச்சுக்காம எரிச்சிட்டேன், மெயின்டனன்ஸ் கட்டி மாளாது. அப்படியும் சயின்ஸ் ஸ்லைடரை (ஆராய்ச்சிக்கு ஒதுக்குற பங்கை) நல்லா இறக்க வேண்டியதாப் போச்சு, இப்ப பாட்டரி முடிச்சு காட்டேஜா (வருமானம் தர்ற குடியிருப்பு) போட்டுட்டு இருக்கேன், அடுத்து நேரா கரன்சி டெக்.