ஆபீஸ் முடிஞ்சு வந்தா படிக்க மனசே ஓடல, மோட்டிவேஷன் வெச்சு சமாளிக்க முடியுமா?

குரூப்டூ கனவு:
வணக்கம் மக்களே. பர்சேஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், காலைலேர்ந்து கொட்டேஷன் கம்பேர் பண்றது, யாருக்கு ஆர்டர் போடறது, யாரை இழுத்தடிக்கறதுன்னு ஒரே முடிவெடுக்கற வேலைதான், வீட்டுக்கு வந்தா அம்மா தோசையா சப்பாத்தியான்னு கேட்டாகூட பதில் வரமாட்டேங்குது. அப்புறம் டிஎன்பிஎஸ்சிக்கு உக்காந்தா பாலிட்டியா, கணக்கா, பழைய கொஸ்டின் பேப்பரான்னு யோசிச்சே அரைமணி போயிடுது, கடைசில ரீல்ஸ்தான். மோட்டிவேஷன் வீடியோ பாத்தா அந்த நேரத்துக்கு ஜிவ்வுன்னு இருக்கு, அவ்ளோதான். என்ன பண்ணலாம்?

மனசு டாட் காம்:
இதுக்கு ஈகோ டிப்ளீஷன்னு பேரு, அதாவது மனசை கட்டுப்படுத்தி கட்டுப்படுத்தியே வில்பவர் தீந்துபோறது. 1998ல ராய் பாமைஸ்டர்ங்கற சைக்காலஜிஸ்ட்டோட டீம் சிலபேரை சுடச்சுட குக்கீஸ் வாசனை அடிக்கற ரூம்ல உக்கார வெச்சு, உங்களுக்கு முள்ளங்கி மட்டும்தான்னுட்டாங்க (கொடுமை). அப்புறம் தீர்க்கவே முடியாத புதிரை குடுத்தா முள்ளங்கி கோஷ்டி குக்கீஸ் சாப்ட்டவங்களை விட சீக்கிரமே கைவிட்டுடுச்சு. ஆனா 2003ல முராவன், ஸ்லெசரேவான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ணது உங்க கேஸுக்கு கரெக்டா வரும், களைச்சு போனவங்ககிட்டயே இதனால மத்தவங்களுக்கு உதவி, இல்ல உங்களுக்கே லாபம்னு சொன்னா, களைக்காதவங்களுக்கு சமமா செஞ்சுட்டாங்க.

எதிர்க்கட்சி:
பாஸ் மீதி கதையையும் சொல்லுங்க. 2016ல 23 லேப் சேர்ந்து 2000 பேருக்கு மேல வெச்சு இந்த ஈகோ டிப்ளீஷனை டெஸ்ட் பண்ணி பாத்தா எஃபெக்ட் கிட்டத்தட்ட ஜீரோ. 2017ல இந்தியர்களை வெச்சு பண்ண ஆராய்ச்சில கஷ்டமான வேலை செஞ்ச பிறகு அடுத்த வேலையை இன்னும் நல்லாவே செஞ்சிருக்காங்க. அதனால "எனக்கு வில்பவர் தீந்துபோச்சு"ன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க.

மாடிவீட்டு அக்கா:
ஆராய்ச்சி சண்டையை நீங்க ரெண்டு பேரும் தனியா வெச்சுக்கோங்கப்பா. தம்பி, என்ன படிக்கறதுங்கற முடிவை நைட்டுக்கு வெக்காதீங்க, காலைல டீ குடிக்கறப்பவே புக்கை அந்த பக்கத்துல திறந்து டேபிள்ல கவுத்து வெச்சுட்டு கிளம்புங்க. அப்புறம் ஆபீசர் ஆகற கனவெல்லாம் நைட்டு ஒன்பது மணிக்கு வேலைக்காகாது, கூட படிக்கற ஒருத்தருக்கு ஆர்ட்டிகிள் 14லேர்ந்து 18 வரைக்கும் இன்னைக்கு போன்ல சொல்லித்தரேன்னு வாக்கு குடுத்துருங்க. அவங்க காத்துட்டு இருக்காங்கன்னாலே கை தானா புக்குக்கு போகும்.

குரூப்டூ கனவு:
அக்கா சூப்பர், அத்தை பொண்ணு குரூப் ஃபோர் எழுதறா, இப்பவே அவளை புடிக்கறேன். ஆனா மாசக்கடைசில ஸ்டாக் எடுக்கறப்ப வீட்டுக்கு வரவே பதினோரு மணி ஆயிடுமே, அன்னைக்கு?

மாடிவீட்டு அக்கா:
அன்னைக்கு சாப்ட்டு தூங்குங்க தம்பி.