‘யெஸ்டர்டே’: கனவில் வந்தது முழுப் பாடலா, மெட்டு மட்டுமா?

கேள்வி (அட்டன்)

அட்டனில் மாலை வேளைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்பிக்கிறேன். மாணவி ஒருத்தி அருமையான மெட்டொன்றைக் கட்டிவிட்டு, சொல் அமையாததால் அதைக் கைவிட எண்ணுகிறாள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘யெஸ்டர்டே’ முழுப் பாடலாகவே, அதைப் பாடிய போல் மக்கார்ட்னியின் கனவில் வந்ததென்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். தனக்கு அப்படி வரவில்லையே என்பதுதான் அவளுடைய வருத்தம். அந்தப் பாடல் உண்மையில் எவ்வாறு உருவானது?

பதில் 1 (பண்டாரவளை)

கனவில் வந்தது மெட்டு மட்டுமே, ஐயா. லண்டன் விம்போல் வீதியில் தம் காதலி ஜேன் ஆஷரின் குடும்ப வீட்டில் தங்கியிருந்த மக்கார்ட்னி, ஒரு காலை விழித்தெழுந்ததும் கட்டிலருகே இருந்த பியானோவில் அதை வாசித்துப் பார்த்தார். அத்தனை இயல்பாக வந்ததனால், பிறருடைய மெட்டொன்று தம் நினைவில் தங்கிவிட்டதோ என்று அஞ்சி, இசை தெரிந்தவர்களிடமெல்லாம் வாரக்கணக்கில் வாசித்துக் காட்டி விசாரித்தார். யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்றான பின்னரே தமதென்று ஏற்றார். சொல்லுக்குப் பதிலாக, ‘ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்’ என்று முட்டையைப் பற்றித்தான் நெடுநாள் பாடிக்கொண்டிருந்தார்! 1965 மே மாதம், போர்த்துக்கல்லின் லிஸ்பனிலிருந்து அல்புஃபெய்ராவுக்குக் காரில் சென்ற நீண்ட பயணத்தில்தான், மெட்டின் அசைகளுக்குப் பொருந்தும் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

பதில் 2 (நுவரெலியா)

கிட்டார் கற்பவர்களுக்குப் பயன்படும் சிலவற்றையும் சேர்க்கிறேன். 1965 ஜூன் 14 அன்று ஒலிப்பதிவு செய்தபோது, மக்கார்ட்னி தந்திகளை ஒரு முழுச் சுரம் தளர்த்தி, ‘ஜி’ சுருதிக்குரிய கோர்டுகளை (சுரக்கூட்டுகளை) பிடித்தார், ஒலிப்பதோ ‘எஃப்’. பாடலின் முதற்பகுதி வழக்கமான எட்டு பார்களில் (தாள அளவுகளில்) முடியாமல் ஏழிலேயே முடிந்துவிடுகிறது. மெட்டு கேட்ட நீளத்தை அவர் மாற்றவில்லை என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் நான்கு தந்தி வாத்தியங்களைச் சேர்க்கலாம் என்றபோது மக்கார்ட்னி முதலில் தயங்கிப் பின்னர் இணங்கினார். குழுவின் மற்ற மூவரும் இதில் வாசிக்கவேயில்லை. ஆயினும் வழக்கப்படி, அவருடன் சேர்ந்து பாடல் எழுதிவந்த ஜோன் லெனனின் பெயரும் பாடலாசிரியராக உடன் இடம்பெற்றது.

பதில் 3 (மஸ்கெலியா)

மக்கார்ட்னிக்குப் பதினான்கு வயதானபோது, 1956இல், அவருடைய தாயார் மேரி காலமானார். அந்த இழப்பு தம்மை அறியாமலே இப்பாடலில் புகுந்திருக்கலாம் என்று பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவரே கூறியிருக்கிறார். ஆகவே, சொல்லைத் தேடுமாறு அந்தப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். மெட்டு மறந்துவிடாமல் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, கொழுந்து, மழை, பேருந்து என வாய்க்கு வந்த எதையாவது வைத்து அவள் பாடிக்கொண்டிருக்கட்டும்.