கலைச்சொல் வேண்டும்: லேயர், மாஸ்க் (சனிக்கிழமைக்குள்)

கிளிநொச்சியிலிருந்து, ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக நாங்கள் தொடங்கும் இணையவழிப் படத்திருத்தப் பாடநெறியின் முதல் வகுப்பு வரும் சனிக்கிழமை. மென்பொருள் கிம்ப். காசில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். நிறுவ முடியாதவர்கள் பிரவுசரிலேயே திறக்கும் போட்டோபீயாவில் செய்யலாம். கையேட்டில் முதல் மூன்று பாடங்கள் முடிந்துவிட்டன: நிறுவுவது, படத்தைத் திறந்தவுடன் வேறு பெயரில் பிரதி எடுத்து வைப்பது, வெட்டி அளவாக்குவது. நாலாவதில் நிற்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத்தாளான லேயர், அதில் வேண்டாத இடத்தை மறைக்கும் லேயர் மாஸ்க், இரண்டுக்கும் சொல் வேண்டும்.

இங்கே ஸ்டூடியோக்களுக்கு என்ன வேலை வரும் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கலியாணம், சாமத்தியவீடு ஒரு பக்கம். மற்றப் பக்கம், இடம்பெயர்ந்தபோது பையோடு நனைந்த படம், அடையாள அட்டையிலிருந்து பெருப்பிக்கச் சொல்லும் படம், கூட்டமாக நிற்கும் படத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டி மலருக்குக் கேட்கும் படம். அந்த முகத்துக்கு வேறு படமே இருக்காது. பிள்ளை அழிப்பானை எடுத்துப் பின்னணியை அழித்துச் சேமித்துவிட்டால் தோளின் ஓரம் போனது போனதுதான். மாஸ்க்கில் அப்படியில்லை. கறுப்புப் பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், சாம்பல் பூசினால் அரைகுறையாகத் தெரியும், மூலப்படத்தில் ஒரு புள்ளியும் கெடாது. சொல்லைக் கேட்டதும் இது பிள்ளைக்கு விளங்க வேண்டும். முகமூடி என்று எழுதிப் பார்த்தேன். முகத்தில் போடுவதைத்தான் நினைக்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து:

ரீச்சர், லேயருக்குப் புதுச்சொல் எதற்கு? ஓசோன் படை என்று நம் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள். படை என்றே எழுதுங்கள்.

சென்னையிலிருந்து:

ஐயா, இங்கே ஓசோன் படலம் என்போம். படை என்றால் எங்களுக்குச் சேனை, இல்லாவிட்டால் தோலில் வரும் படை. அடுக்கு என்பதே இரு நாட்டுக்கும் பொது. அப்புறம், பாடநெறியின் பெயரில் படத்தொகுப்பு என்று வராமல் படத்திருத்தம் என்று வைத்தது நல்லது. படத்தொகுப்பு சினிமாவுக்குப் போய்விட்டது.

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

படை என்பதைத் தோல்நோய் என்று தள்ளிவிட வேண்டாம். படு என்பதே அடி. படுவதால் படை, படுவதால் படலம், படிவது படிவு, படுப்பது படுக்கை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதைத்தான் இவை எல்லாம் சொல்கின்றன. அகராதிகளிலும் படைக்கு அடுக்கு என்ற பொருள் இருக்கிறது. மண்ணின் படை, கல்லின் படை என்று நம் வாயில் இன்றும் இருக்கிற சொல்லை ஏன் கைவிட வேண்டும்? அடுக்கு என்பது மனிதர் கைபட ஒழுங்காக வைத்தது, படை தானாகப் படிந்தது, இந்த வேறுபாட்டையும் கவனியுங்கள்.

கிளிநொச்சி ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொன்ன அந்த வேறுபாடே அடுக்குக்குத்தான் சாதகம். கணினியில் எதுவும் தானாகப் படிவதில்லை, நாங்கள்தான் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் புத்தகத்தின் படையும் தெரியும், மற்றப் படையும் தெரியும். "மேற்படையை மறை", "கீழ்ப்படையை நகர்த்து" என்று இந்த மண்ணில் ஒரு கையேட்டில் எழுத எனக்கு மனமில்லை. அடுக்கு என்று எழுதுகிறேன். மாஸ்க்கைச் சொல்லுங்கள்.

முள்ளியவளை ஆசிரியர்:

சரி, அதை விட்டுவிடுகிறேன். மாஸ்க்குக்கு எழினி. சிலப்பதிகாரம் அரங்கேற்றுகாதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள் வருகின்றன. ஒன்று ஒரு பக்கமிருந்து இழுப்பது, மற்றது இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது, மூன்றாவது மேலே மறைந்திருந்து இறங்குவது. மென்பொருளில் என்ன நடக்கிறது? அடுக்கின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்து வேண்டிய இடத்தை மறைக்கிறது, வேண்டாதபோது விலகுகிறது. கரந்துவரல் எழினி இதுவே அல்லவா? இப்படியொரு சொல்லை வைத்துக்கொண்டு கடன் கேட்பதா? வற்றாப்பளைப் பொங்கலும் கோவலன் கூத்தும் உள்ள மண்ணில் அரங்கேற்றுகாதைச் சொல் அந்நியமாகாது.

ரொறன்ரோவிலிருந்து:

எழினியே தமிழா என்று முதலில் பார்க்க வேண்டும். வடமொழியில் திரைக்கு யவனிகை என்று ஒரு சொல் உண்டு. அதுதான் எழினி ஆயிற்று என்பது என் எண்ணம். யவனர் கொண்டுவந்த துணி என்று அதற்கு விளக்கம் சொல்வோரும் உண்டு.

முள்ளியவளை ஆசிரியர்:

யகரம் போய் எகரம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம், வகரம் எப்படி ழகரமாயிற்று? எழு என்ற வினை கண்முன் நிற்கிறது. எழுவதால் மேகத்துக்கு எழிலி, மேலே எழுந்து சுருள்வதால் திரைக்கு எழினி. அதியமான் மகன் பொகுட்டெழினி பெயரிலும் அந்த எழுச்சியே இருக்கிறது. இனி வடசொல்லாகவே இருந்தாலும் "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று, வடவெழுத்தை விட்டு வடசொல்லை எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார், அதனால் எழினிக்கு ஒரு குறையும் வராது.

புதுக்குடியிருப்பிலிருந்து, ஸ்டூடியோ வைத்திருப்பவர்:

ஐயாவில் மதிப்பு வைத்தே சொல்கிறேன், நான் ரீல் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் நிற்கிறவன். இருட்டறையில் கறுப்புத் தாளை வெட்டி வைத்து வெளிச்சம் படக்கூடாத இடத்தை மறைப்போம். அதற்கு அப்போதும் மாஸ்க் என்றுதான் பெயர். அச்சுக்கூடங்களில் சிவப்புப் படலத்தை வெட்டி ஒட்டுவார்கள். போட்டோசொப்பில் குவிக் மாஸ்க் போட்டால் மறைத்த இடம் சிவப்பாகத் தெரிவது அதிலிருந்து வந்ததுதான். போட்டோசொப்பில் லேயரே 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. மாஸ்க் என்ற வேலை அதற்கு எவ்வளவோ முந்தியது. பிள்ளை நாளைக்கு என் கடைக்கு வேலைக்கு வந்து "அண்ணை, எழினி போடவா" என்று கேட்டால் எனக்கு விளங்காது. யூடியூப்பில் எழினி என்று தேடினாலும் ஒன்றும் வராது. மெனுவில் மாஸ்க் என்று இருக்கிறது, மாஸ்க் என்றே படிப்பியுங்கள் ரீச்சர்.

சென்னையிலிருந்து:

மெனுவில் இருப்பதையே எழுதுவதானால் எந்தச் சொல்லுக்கும் தமிழ் வேண்டாம் என்று ஆகிவிடும், அந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன். எழினி கடினம் என்றால் அதே அடியில் இருக்கும் கரத்தலை, அதாவது மறைத்தலை, எடுங்கள். கரப்பு. "கரப்பிலா நெஞ்சின்" என்று குறளில் இருக்கிறது. நாலே எழுத்து, வாயில் அழகாக நிற்கும்.

மல்லாவியிலிருந்து:

ஐயா, கரப்பு இங்கே மீன் பிடிக்கிற கூடை. வவுனிக்குளத்தில் தண்ணீர் வற்றினால் கரப்புக் குத்தப் போவார்கள். கோழியையும் கரப்பால்தான் மூடி வைப்போம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கரப்பு என்றால் குறள் நினைவுக்கு வராது.

மறைப்பு என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கிணற்றடிக்குக் கிடுகால் மறைப்புக் கட்டுகிறோம், "மறைப்பை விலத்து" என்கிறோம். கட்டலாம், விலத்தலாம், ஓட்டை விட்டுக் கட்டலாம், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ரீச்சர் கேட்ட முழுவதும் அதில் இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து:

மறைப்பு பாதியைத்தான் சொல்கிறது. வெள்ளை பூசினால் காட்டுவதும் அதே மாஸ்க்தான். அதோடு மறைப்பு என்பது தொழிற்பெயர், பொருளின் பெயரல்ல. இன்னொன்று, கையேட்டில் புகைப்படம் என்று எங்காவது இருந்தால் ஒளிப்படம் என்று மாற்றிவிடுங்கள். புகைக்கும் படத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

முள்ளியவளை ஆசிரியர்:

மறைப்பு என் தெரிவு அல்ல. ஆனால் தம்பி சொல்லும் இலக்கணக் காரணம் நில்லாது. வற்றல் தின்றான் என்பதில் வற்றல் தொழிற்பெயரா, பொருளா? கிணற்றடி மறைப்பும் அவ்வாறே தொழிலாகுபெயர், தொழிலின் பெயர் பொருளுக்கு ஆகி வருவது. சொல் வழுவின்றியே இருக்கிறது, அழகு போதாது என்பதே என் குறை.

வவுனியாவிலிருந்து:

எனக்கும் மறைப்பு சரி. நான் படை கேட்டவன்தான், அடுக்கு மறைப்பு என்று சேர்த்துச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து:

மீன் கூடை என்று தெரிந்த பிறகு கரப்பை நான் வற்புறுத்தவில்லை. மறைப்பு இருக்கட்டும்.

கிளிநொச்சி ஆசிரியை:

நேரம் போய்விட்டது, இன்று இரவு கையேட்டை அனுப்ப வேண்டும். அடுக்கு, அடுக்கு மறைப்பு என்று எழுதுகிறேன். மறைப்பைச் சேர், மறைப்பை நீக்கு என்று வினையும் தடையில்லாமல் வருகிறது. நாலாம் பாடம் இப்படித் தொடங்கும்: "அடுக்கின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி வெள்ளை மறைப்பைச் சேருங்கள். படத்தில் ஒன்றும் மாறாது. இப்போது தூரிகையில் கறுப்பை எடுத்துப் பின்னணியில் பூசுங்கள். காதோரம் தவறிப் பூசிவிட்டால் பயப்பட வேண்டாம், எக்ஸ் விசையை அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும், வெள்ளையால் திரும்பப் பூசுங்கள்." மெனுவின் படத்தையும் பக்கத்தில் போட்டு, அங்கே மாஸ்க் என்று இருப்பது இதுதான் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அண்ணையின் கடைக்குப் போகிற பிள்ளைக்கு அது போதும். வேலையைக் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் சேமிக்க வேண்டும், ஜேபெக்காக மட்டும் எடுத்தால் அடுக்கும் மறைப்பும் போய்விடும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

முள்ளியவளை ஆசிரியர்:

நல்லது மகள். கையேட்டுக்கு என் ஆசி உண்டு, மறைப்புக்கு என் வாக்கு இல்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது எழினியைத் திரும்பவும் கொண்டுவருவேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

ரீச்சர், ஒன்று கேட்கிறேன், இதற்கு மறுமொழி வேண்டும். அன்ஷார்ப் மாஸ்க்குக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? அது எதையும் மறைப்பதில்லை, ஓரங்களைக் கூராக்குகிறது. மங்கலான பிரதி ஒன்றை நெகட்டிவோடு சேர்த்து வைத்துச் செய்த பழைய இருட்டறை வேலை அது, அதனால்தான் அந்தப் பெயர். நனைந்த படங்களை ஸ்கேன் பண்ணின பிறகு அது இல்லாமல் ஒரு முகமும் தெளியாது, ஆகவே உங்கள் கையேட்டில் எப்படியும் வரப்போகிறது. மறைப்பு என்று எழுதினால் பிள்ளை பிழையாக விளங்கிக்கொள்ளும், மாஸ்க் என்று எழுதினால் நாலாம் பாடத்தில் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும்.